கனடா காபன் மீளளிப்பு: ஆறு ஆண்டுகள் பெற்றுவந்த ஒருவரின் மதிப்புரை

எரிபொருள்மீது காபன் வரியாகத் திரட்டிய பணத்தின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்துவந்த கனேடிய அரசின் ‘காபன் மீளளிப்பு’, 2025 ஏப்ரல் 22 அன்று தன் கடைசிக் கொடுப்பனவை வழங்கியது. நின்றுபோன சேவைக்கு மதிப்புரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நான் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் அதைப் பெற்றவன். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொண்டனும்கூட. ஏழைகளுக்கு மெய்யாகவே இலாபம் தந்த ஒரு திட்டம், அவர்களுக்குத் தெரியாமலே வந்து தெரியாமலே போனதைப் பதிவு செய்யாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எரிபொருள் மீதான வரியை மட்டும் தனியாக விதித்தால் அது வறியவரையே அதிகம் வாட்டும். வீட்டைச் சூடாக்கவும் வேலைக்குப் போய்வரவும் அவர்களுடைய வருமானத்தில்தான் பெரும்பங்கு செலவாகிறது. மீளளிப்பு அதைத் தலைகீழாக்கியது. 2024 ஏப்ரலில், வெளியேறும் காபனீரொட்சைட்டின் தொன்னுக்கு 80 டொலராக உயர்ந்த வரி, பெற்றோலில் லீற்றருக்கு 17.61 சதமாகவும், இயற்கை எரிவாயுவில் கன மீற்றருக்கு 15.25 சதமாகவும் விழுந்தது. ஒன்ராறியோவில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கோ, வருமானம் எவ்வளவு என்று பாராமல், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 280 டொலர் வந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். குளிர் உச்சத்தில் இருக்கும் மூன்று மாதங்களில் ஏறக்குறைய 900 கன மீற்றர் எரிவாயுவும், ஒரே காருக்கு 520 லீற்றர் பெற்றோலும் செலவாகும். அவற்றுக்கான காபன் வரி 229 டொலர் அளவில் வரும். அதன்மேல் 13 வீத விற்பனை வரியையும் சேர்த்தால் 259. கடைப் பொருள்களின் விலையில் மறைந்து ஏறிய சிறு பங்கு இதில் அடங்காது. ஆயினும் ஆண்டின் மிக மோசமான காலாண்டிலேயே கையில் சிறிது மிஞ்சியது. கோடையில் நிறையவே மிஞ்சியது. பெரிய வீடும் இரண்டு கனத்த வாகனங்களும் வைத்திருப்பவருக்கும் கிடைத்தது அதே 280 தான், ஆனால் அவர் கட்டிய வரி பன்மடங்கு. வரியையும் மீளளிப்பையும் மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்கள் கட்டியதைவிடக் கூடுதலாகவே பெற்றன என்று நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலரின் கணிப்பும் காட்டியது. பங்கிட்ட முறைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

அதைச் சொன்ன முறைக்குப் பாதியும் தரமாட்டேன். முதலில் வருமான வரிப் படிவத்துக்குள் ஒரு பதிவாக ஒளிந்திருந்தது. 2022 ஜூலையில்தான் காலாண்டுக் கொடுப்பனவாக மாறியது. காபன் என்ற சொல் அதன் பெயரில் ஏறுவதற்கு 2024 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எரிவாயு பில்லில் காபன் வரி மாதந்தோறும் தனிப் பதிவாகக் கண்ணை உறுத்தியது. வங்கிக் கணக்கில் விழுந்த பணமோ இன்னதென்று விளங்காத ஒரு சுருக்கக் குறிப்போடு வந்தது. அடுக்குமாடியில் தனியே வாழும் ஓர் அம்மா, வங்கித் தாளை என்முன் விரித்து, விரலால் அந்த 140 டொலரைத் தொட்டுக் காட்டி, “தம்பி, இது ஆர் போட்ட காசு? பிறகு திருப்பிக் கேப்பினமோ?” என்று கேட்டார். பயத்தில் அதை அவர் செலவழிக்காமலே வைத்திருந்தார். காரில்லை, சூடேற்றும் செலவு வாடகைக்குள் அடக்கம். இத்திட்டத்தால் மிகுந்த பயன் பெற்றவர் அவரைப் போன்றவர்தான்.

இன்னொரு குறை இதைவிடக் கொடியது. வரிப் படிவம் தாக்கல் செய்யாதவருக்கு ஒரு சதமும் வராது. மிக வறியவர்களில் பலர் ‘எனக்குத்தான் வருமானமே இல்லையே’ என்று அதைத் தாக்கல் செய்வதில்லை. எங்கள் மேசைக்கு வந்தவர்களுக்கு முந்தைய ஆண்டுகளின் படிவங்களையும் சேர்த்து நிரப்பிக் கொடுத்தோம். வராதவர்களை எங்களால் எட்ட முடியவில்லை.

2025 ஏப்ரல் முதலாம் திகதி வரி நீங்கியதும் பெற்றோல் நிரப்பும்போது எனக்கு மிச்சம் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு மிச்சம் எதுவுமில்லை; ஆண்டுக்கு 560 டொலர் நின்றதுதான் கண்டது. ஜூலை நடுவில் அவர் மறுபடி வங்கித் தாளோடு வந்தார். “இந்த முறை அந்தக் காசைக் காணேல்லையே, தம்பி” என்றார்.