முக நரம்பு வலிக்கு கார்பமாஸிபைன்: எந்த வகை வாங்குவது, எங்கே தவறிப்போகிறது

பிரஷ் ஈறில் பட்டதும் கன்னத்தில் கரண்ட் அடித்தாற்போல ஒரு வெட்டு. சில விநாடிதான், மிஞ்சினால் இரண்டு நிமிடம். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் அடங்கிவிடும். அடுத்த வாய் சோற்றுக்கு மறுபடி வெட்டும். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்னும் இந்த வலிக்கு டாக்டர்கள் முதலில் எழுதும் மாத்திரை கார்பமாஸிபைன். நம் ஊர் மருந்துக் கடைகளில் டெக்ரிடால், மாசெட்டால், ஜென் ரிடார்ட் எனப் பல பெயர்களில் கிடைக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலையும் கட்டுக்குள்தான் இருக்கிறது.

மருந்து அருமையானது. ஆனால் "கேட்கவில்லை" என்று இதை ஓரங்கட்டுகிறவர்களில் பலர் இதைத் தலைவலி மாத்திரை போலச் சாப்பிட்டவர்கள். வலி வந்ததும் ஒன்று போடுவது, வலி இல்லாத நாளில் விட்டுவிடுவது என்று சாப்பிட்டால் இது வேலை செய்யாது. சாதாரண 200 மி.கி. மாத்திரை விழுங்கிய பிறகு ரத்தத்தில் உச்ச அளவை எட்ட நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். வலியோ விநாடிக் கணக்கில் வந்து போகிறது. மருந்து முன்கூட்டியே ரத்தத்தில் காத்திருந்தால்தான் உண்டு.

ஏன் இப்படி என்பது நரம்பின் வேதியியலில் இருக்கிறது. முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிகிறது: நெற்றிக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. இந்த நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய், பெரும்பாலும் சிறுமூளையின் மேல் தமனி, சாய்ந்து துடித்துக்கொண்டே இருந்தால் நரம்பின் மயலின் உறை தேய்ந்துபோகிறது. ஒயரின் பிளாஸ்டிக் உரிந்த இடத்தைப் போல, தொடு உணர்வைச் சுமக்கும் இழையிலிருந்து வலியைச் சுமக்கும் இழைக்குச் சமிக்ஞை தாவுகிறது. தென்றல் பட்டால்கூட வெட்டுவது இதனால்தான்.

அந்தச் சமிக்ஞையைப் பிறப்பிப்பவை சோடியம் வாயில்கள், அதாவது நரம்பு இழையின் சுவரில் சோடியம் நுழையும் சிறு கதவுகள். வாயில் திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால் நரம்பு ஒரு துடிப்பு அனுப்பும். பிறகு வாயில் சற்று நேரம் செயலிழந்து நிற்கும். அதன்பின் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். கார்பமாஸிபைன் அந்தச் செயலிழந்த நிலையில் போய் ஒட்டிக்கொண்டு, வாயில் மீண்டும் தயாராவதைத் தாமதப்படுத்துகிறது. சரசரவென்று தொடர்ந்து துடிக்கும் நரம்பில்தான் அப்படிப்பட்ட வாயில்கள் நிறைய இருக்கும். ஆகவே வெறிபிடித்தாற்போல் துடிக்கும் இழை அதிகம் அடங்குகிறது, நிதானமாக வேலை பார்க்கும் இழை பெரும்பாலும் தப்புகிறது. பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் இந்த வாயில்களைக் குறிவைத்தவை அல்ல. அவற்றை எத்தனை விழுங்கினாலும் இந்த வலி அசையாது. வயிறும் சிறுநீரகமும் கெடுவதுதான் மிச்சம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கெய்கி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் 1953-ல் இந்த மூலக்கூறை உருவாக்கினார். முக நரம்பு வலிக்கு இது கேட்கும் என்று 1962-ல் எழுதியவர் ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் சிக்ஃப்ரிட் ப்ளூம். அமெரிக்காவில் 1968-ல் இது அனுமதி பெற்றதே இந்த வலிக்காகத்தான். வலிப்புக்கான அனுமதி 1974-ல்தான் வந்தது. அதற்குப் பிறகு ஆராய்ச்சி நிற்கவில்லை. வலியைத் தூண்டும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தின் வேலையைத் தடுத்து, ஒற்றைத் தலைவலியில் பலன் தந்த எரெனுமாப் ஊசியை டென்மார்க்கில் இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; 2022-ல் வெளியான முடிவில் அது வெற்று ஊசியை மிஞ்சவில்லை. விட்டு விட்டு வெட்டாமல் ஓயாமல் வலிக்கும் முக நரம்பு வலி வேறு வகை. அப்படிப்பட்டவர்களின் மூளையை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஸ்கேன் செய்தபோது, தாலமஸ் பகுதியில் துடிப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருள் குறைந்திருந்தது. ஓயாத வலிக்கு சோடியம் வாயிலை மட்டும் அடைத்தால் போதாது என்பதற்கு இது ஒரு தடயம். கார்பமாஸிபைன் ஜொலிப்பது வெட்டு வலியில்தான். வெட்டுகளுக்கு நடுவே மந்தமான வலி நிரந்தரமாகத் தங்கியிருந்தால் பலன் குறைவாகத்தான் இருக்கும்.

இனி எந்த வகை வாங்குவது. சாதாரண மாத்திரை, சி.ஆர். என்று போட்ட மெதுவாகக் கரையும் மாத்திரை, சிரப் என்று மூன்று உண்டு. பெரும்பாலோருக்கு எங்கள் தேர்வு சி.ஆர்.தான். சாதாரண மாத்திரையில் மருந்தளவு ஏறி இறங்குகிறது. ஏறும்போது தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, இறங்கும்போது வலி. சி.ஆர். 12 மணிக்கு ஒருமுறை எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் குறையும். காலையில் பல் துலக்கும்போது வெட்டுகிறது என்பவர்கள் துலக்குவதற்கு அரைமணி முன்னால் மாத்திரை போட்டுப் பயனில்லை; முந்தின இரவு போட்ட சி.ஆர்.தான் காலையைக் காக்கும். ஒரே எச்சரிக்கை: சி.ஆர். மாத்திரையை மென்றாலோ பொடித்தாலோ மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நடுவில் கோடு போட்டிருந்தால் மட்டும் பாதியாக உடைக்கலாம். மெல்லவே முடியாமல், விழுங்கவும் பயந்து கிடக்கும் நாட்களுக்கு சிரப் நல்லது. 5 மி.லி.யில் 100 மி.கி., ஒன்றரை மணியில் உச்சம். குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். முதல் வாரம் நீர்த்ததும் கடைசி வாரம் கெட்டியானதும் குடிப்பதாக முடியும்.

அளவு: வழக்கமாக முதல் நாள் 100 மி.கி. காலை, 100 மி.கி. இரவு, உணவோடு. வயதானவர்களுக்கு இரவில் ஒரு வேளை மட்டும் வைத்துத் தொடங்குவதும் உண்டு. சில நாளுக்கு ஒருமுறை டாக்டர் ஏற்றிக்கொண்டு போவார். பெரும்பாலோருக்கு நாளுக்கு 400 முதல் 800 மி.கி.க்குள் வலி கட்டுப்படும், உச்ச வரம்பு 1200. சீக்கிரம் வலி போகட்டும் என்று நாமாக அளவை ஏற்றினால் நடை தள்ளாடும். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைவது இப்படித்தான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு குழி இருக்கிறது. முதல் வாரம் வலி பறந்துவிடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் அதே அளவில் வலி மெல்லத் தலைகாட்டும். மருந்து போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம். கார்பமாஸிபைன் தன்னைச் சிதைக்கும் ஈரல் நொதியைத் தானே தூண்டிவிடுகிறது. தொடக்கத்தில் பாதி மருந்து வெளியேற 25 முதல் 65 மணி நேரம் பிடிக்கும். மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் அது 12 முதல் 17 மணி நேரமாகச் சுருங்கிவிடும். இந்தக் கட்டத்தில் டாக்டர் அளவைத் திருத்த வேண்டும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் அளவு பார்க்கலாம், மி.லி.க்கு 4 முதல் 12 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு குறை, நம் கடற்கரை ஊர்களுக்கு மிகவும் பொருந்துவது: ஈரம். இந்த மூலக்கூறு காற்றின் ஈரத்தை இழுத்து வேறு படிக வடிவத்துக்கு மாறி, மாத்திரையைக் கல்லாக்கிவிடும். ஈரத்தில் கிடந்த மாத்திரை மூன்றில் ஒரு பங்கு வரை வீரியம் இழக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்திருக்கிறது. ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை ஸ்ட்ரிப்பிலிருந்து உரித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது பல வீட்டிலும் வழக்கம். இந்த மாத்திரைக்கு அது ஆகவே ஆகாது. ஸ்ட்ரிப்பிலேயே இருக்கட்டும், சாப்பிடும்போது உரியுங்கள். இதே காரணத்தால் கம்பெனி மாற்றித் தந்தாலும் கவனம் தேவை. கரையும் வேகம் மாறினால் அளவும் மாறும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று வேறு பெயரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெரிய ஆபத்து தோலில் வரும். எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற தோல் உரியும் நோய் வரலாம். இந்தத் தொடர்பைக் கண்டவர்கள் தைவான் ஆய்வாளர்கள், 2004-ல். சீனர், தாய்லாந்து, மலேசிய மக்களிடம் இந்த வகை அதிகம். இந்தியர்களிடம் அவ்வளவு இல்லை என்றாலும் இருக்கிறது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, மாத்திரை தொடங்குவதற்கு முன்பு, வாழ்நாளில் ஒரே முறை. செலவு கூடுதல்தான், ஆனால் செய்யத் தகுந்தது என்பது எங்கள் கருத்து. முடிவு பாசிட்டிவ் என்றால் இந்த மருந்து வேண்டாம். நெருங்கிய உறவான ஆக்ஸ்கார்பஸிபைனும் வேண்டாம். நெகட்டிவ் என்றாலும் முதல் சில மாதங்களில் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்போடு தோலில் தடிப்பு வந்தால் அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறைவது மற்றொன்று. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குக் குழப்பமும் அசதியும் வந்தால் முதலில் சோடியத்தைப் பாருங்கள். ரத்த அணு எண்ணிக்கையும் ஈரல் பரிசோதனையும் தொடக்கத்திலேயே எடுத்து வைப்பது நல்லது.

பிற மருந்தோடு மோதுவதில் இது பொல்லாதது. கர்ப்பத்தடை மாத்திரையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் வலுவிழக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசியாக வேண்டும், கருவின் முதுகுத்தண்டைப் பாதிக்கக்கூடிய மருந்து இது. நாம் அதிகம் அஞ்சுவது பல் டாக்டர் வழியாக வரும் மோதலை. தாடையில் வெட்டும் வலியைப் பல்வலி என்று நினைத்துப் போவதும், நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவதும் இந்த நோயில் சகஜம். அங்கே எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ ஆன்டிபயாடிக்காக எழுதினால், கார்பமாஸிபைன் சிதைவது தடைபட்டு அளவு எகிறும். இரண்டு மூன்று நாளில் வாந்தி, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை. சாப்பிடும் மருந்தின் பெயரை நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நாற்பது வயதுக்குக் குறைவானவர்கள், இரண்டு பக்கமும் வலிப்பவர்கள், முகம் மரத்துப்போனவர்கள், காது மந்தமானவர்கள் எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கட்டியோ, நரம்புகளின் மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் நோயோ இதே வலியைக் கொடுக்கும். மாத்திரை நன்றாகக் கேட்டு வலியில்லாமல் சில மாதம் ஓடினால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அளவைக் குறைத்துப் பார்ப்பதுதான் முறை, ஏனென்றால் இந்த வலி மாதக்கணக்கில் தானே ஓய்ந்திருக்கவும் செய்யும். குறைப்பது 100 மி.கி. கணக்கில், ஒரு வாரமாவது இடைவெளி விட்டு, டாக்டர் சொல்லி. சட்டென்று நிறுத்தினால் வலி திரும்பலாம், வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பே வரலாம். அளவு உச்சம் தொட்டும் வெட்டு நிற்கவில்லை என்றால் நியூரோ சர்ஜனைப் பார்க்க வேண்டிய நேரம். பீட்டர் ஜானெட்டா 1960-களில் செம்மைப்படுத்திய அறுவைச் சிகிச்சையில் அந்த ரத்தக்குழாயை நகர்த்தி, நரம்புக்கும் அதற்கும் நடுவே சிறு டெஃப்லான் பஞ்சை வைக்கிறார்கள்.