ஒரே மிக்ஸர், மேடை முழுக்கக் கைகள்: பெஹ்ரிங்கர் எக்ஸ்32

பெஹ்ரிங்கர் எக்ஸ்32 என்ற டிஜிட்டல் மிக்ஸர் (மேடை ஒலிகளைக் கலக்கும் மேசை) வந்தது 2012-இல். 32 மைக் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்குவது), 16 மிக்ஸ் பஸ் (தனித்தனிக் கலவைகள் வெளியே போகும் பாதை), 8 எஃபெக்ட், 25 மோட்டார் ஃபேடர் (அளவை ஏற்றி இறக்கும் தள்ளு கட்டை) என்ற கணக்கெல்லாம் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். ஒலித்தரமும் அந்த விலைக்குக் குறை சொல்லும்படி இல்லை. இங்கே பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரே நேரத்தில் பல பேர் கைவைத்தால் இது எப்படி நடந்துகொள்கிறது?

மேசை முன்னால் இரண்டு பேர் நிற்பதற்காக இது செய்யப்படவில்லை. ஈக்யூ (ஒலியின் தன்மையை மாற்றுவது), கம்ப்ரஸர் (ஏற்ற இறக்கத்தை அடக்குவது) குமிழ்கள் ஒரே ஒரு செட். செலக்ட் செய்த சேனலுக்கு மட்டும் வேலை செய்யும். ‘சென்ட்ஸ் ஆன் ஃபேடர்’ அழுத்தி ஒருவர் மானிட்டரை (மேடையில் இருப்பவர்கள் கேட்கும் ஒலியை) சரிசெய்கிறார் என்றால், இடப்பக்கத்து 16 ஃபேடரும் அந்த மானிட்டரின் சென்டாக (ஒவ்வொரு சேனலும் அதற்குப் போகும் அளவாக) மாறிவிடும். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் ஹவுஸில் (பார்வையாளர்கள் கேட்கும் ஒலியில்) குரலைத் தூக்கப்போனால், பாடகர் காதில்தான் இடி விழும். ஒரு சேனலைத் தனியாகக் கேட்டுப்பார்க்கும் ஸோலோ பஸ்ஸும் ஒன்றே. ஆக, இரண்டாவது ஆளுக்கு ஒரு டேப்லெட்டைக் கொடுத்துத் தள்ளி உட்காரவைப்பதுதான் வழி.

மிக்ஸருக்குள் வைஃபை கிடையாது. ஈதர்நெட் போர்ட்டிலிருந்து ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு (வேன் போர்ட்டுக்கு அல்ல) கேபிள் போட்டு, மிக்ஸருக்கு நிலையான ஐபி கொடுங்கள். கூட்டம் நிறைந்த மண்டபத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் திணறும். 5 கிகாஹெர்ட்ஸ் வைத்து, ரவுட்டரை மேடையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் நிறுத்துங்கள். ஐபேடுக்கு எக்ஸ்32-மிக்ஸ், கணினிக்கு எக்ஸ்32-எடிட், ஐபோனுக்கு எக்ஸ்32-கியூ, ஆண்ட்ராய்டுக்கு மிக்ஸிங் ஸ்டேஷன் என்று ஆப்புக்குப் பஞ்சமில்லை.

‘மாற்றங்களை எனக்கும் அனுப்பு’ என்ற கோரிக்கையை ஒவ்வொரு ஆப்பும் 10 விநாடிக்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். விட்டால் மிக்ஸர் அனுப்புவதை நிறுத்திவிடும். போன் தூங்கி எழுந்ததும் திரையில் தெரியும் ஃபேடர் பழைய இடத்தில் இருக்கலாம். அதைத் தொட்டால் அளவு சட்டென்று குதிக்கும். ஸ்க்ரீன் லாக்கை அணைத்துவையுங்கள். தொடர்பு அறுந்து மீண்டும் வந்தால், ஆப் எல்லா அளவுகளையும் படித்து முடிக்கும்வரை விரலை வைக்காதீர்கள்.

பெரிய குறை, யாருக்கு எதுவரை உரிமை என்று மிக்ஸர் கேட்பதே இல்லை. வைஃபை பாஸ்வேர்டும் முழு ஆப்பும் இருந்தால் போதும், டிரம்ஸ்காரர் மெயின் ஃபேடரையே இறக்கலாம். எக்ஸ்32-கியூ சென்டுகளை மட்டுமே காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஆப்பில் இருக்கிறது, மிக்ஸரில் இல்லை. அடுத்தவர் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்துக் கலைப்பதையும் அது தடுக்காது.

பஸ் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். 16-இல் 4 எஃபெக்டுக்குப் போனால் மீதி 12. ஸ்டீரியோ இன்-இயர் (காதுக்குள் வைக்கும் மானிட்டர், ஆளுக்கு இரண்டு பஸ்) என்றால் ஆறு பேருக்குத்தான். மானிட்டர் சென்டுகள் எல்லாம் ப்ரீ-ஃபேடர் (ஹவுஸ் ஃபேடருக்கு முன்பே எடுப்பது). ஹவுஸ் ஈக்யூ காதுக்குப் போகவேண்டாம் என்றால் ப்ரீ-ஈக்யூ. சென்ட் வகை இரண்டிரண்டு பஸ்ஸாகத்தான் மாறும் என்பதால், 5-ஆம் பஸ்ஸில் மோனோ மானிட்டரும் 6-இல் எஃபெக்டும் வைத்தால் சிக்கிக்கொள்வீர்கள்.

சென்டை எந்த இடத்தில் எடுத்தாலும் கெயின் (ப்ரீஆம்ப் பெருக்கும் அளவு) பொது. கச்சேரி நடுவே குரலின் ப்ரீஆம்பை 6 டெசிபல் ஏற்றினால் ஆறு பேர் காதிலும் 6 டெசிபல் ஏறும், ஃபீட்பேக் வந்தாலும் ஆச்சரியமில்லை. சவுண்ட் செக்கில் கெயினை முடித்துவிட்டு, பிறகு ஃபேடர் மட்டும்.

கீபோர்டு, டிரம்ஸ், தபலா என்று உட்கார்ந்து வாசிப்பவர்களுக்குப் போனைவிட பி16-எம் என்ற தனி மானிட்டர் மிக்ஸர் பெட்டி எவ்வளவோ மேல். மிக்ஸரின் அல்ட்ராநெட் போர்ட்டிலிருந்து ஒரே கேட்5 கேபிளில் 16 சேனல் வரும். ஒவ்வொன்றுக்கும் அளவு, பேன், டோன். ஒருவர் திருப்புவது அடுத்தவரைத் தொடாது, பஸ்ஸும் செலவாகாது. பி16-டி பிரிப்பான் வாங்கினால் எட்டுப் பெட்டிக்கு மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும். அல்ட்ராநெட்டைக் கணினி ஸ்விட்சில் செருகாதீர்கள். ஜாக் ஒரே மாதிரிதான், ஆனால் அது ஈதர்நெட் அல்ல. ரவுட்டிங் பக்கத்தில் டேப் பாயின்ட் (ஒலியை எடுக்கும் இடம்) தேர்ந்தெடுக்கும்போது ‘+எம்’ உள்ளதையே எடுங்கள். இல்லாவிட்டால் மிக்ஸரில் மியூட் செய்த மைக்கில் பாடகர் பேசுவது எல்லோர் காதிலும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஸீன் (சேமித்துவைத்த மிக்ஸர் அமைப்பு) மாற்றுபவர்கள் மானிட்டர் பஸ்களின் சென்டுகளையும் ப்ரீஆம்பையும் ஸீன் சேஃபில் (ஸீன் மாறினாலும் மாறாதவற்றின் பட்டியலில்) போட்டுவிடுங்கள். மறந்தால், இரண்டாவது பாட்டுக்கு ஸீனைக் கூப்பிட்ட நொடியே எல்லோரும் போனில் செய்துவைத்தது அழிந்து, மேடையிலிருந்து எல்லாக் கையும் ஒன்றாக உங்களை நோக்கி உயரும்.