ஆர்.என்.ஏ. திரளுக்கு மெக்னீசியமா, சாதா உப்பா?

ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயில், மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. இழையில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 30-ஐத் தாண்டினால், சோதனைக் குழாயிலேயே இழைகள் ஒன்றோடொன்று சிக்கித் திரண்டுவிடும் என்று 2017-ல் அங்கூர் ஜெயின், ரொனால்ட் வேல் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். தரமணியில் நாங்கள் அதே வேலையைத் தொடங்கியபோது வந்த முதல் கேள்வி, எந்த உப்பு என்பதுதான்.

நான் மெக்னீசியம் கட்சி. ஆர்.என்.ஏ. இழை முழுக்க எதிர் மின்னேற்றம். இழைகள் ஒன்றையொன்று தள்ளும். சோடியத்துக்கு ஒரு நேர் மின்னேற்றம், மெக்னீசியத்துக்கு இரண்டு. அதனால் 10 மில்லிமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) மெக்னீசியமே இழைகளை நெருங்கவிடும். ஒன்றின் ஜி இன்னொன்றின் சி-யைப் பிடித்துக்கொள்ளும். சோடியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மெக்னீசியம் இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டு, திரளவிடாமல் தடுக்கும். சோடியத்துக்கும் நல்ல பக்கம் உண்டு: மலிவு, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்காது. மெக்னீசியமோ 95 டிகிரியில் இழையை வெட்டும். அதனால், திரட்டுவதற்கு முன் இழைகளின் மடிப்பை அவிழ்க்கச் சூடாக்குவதை மூன்று நிமிடத்தோடு நிறுத்திவிடுகிறேன்.

ஆனால் சென்னையில் உண்மையான சிக்கல் பராமரிப்பு. மழைக்காலத்தில் அடுப்படி ஜாடியில் கல் உப்பு நீர்த்துப்போகுமே, அதற்குக் காரணமே கடல் உப்போடு ஒட்டிவரும் மெக்னீசியம் குளோரைடுதான். அப்படியானால் அதையே பாட்டில் பாட்டிலாக வைத்திருந்தால்? போன ஐப்பசியில் பாட்டிலைத் திறந்தபோது படிகங்கள் கற்கண்டுக் கட்டி போல ஒட்டியிருந்தன. தராசில் வைத்தால் எண் நிற்கவே இல்லை. மூன்றாவது தசமம் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. காற்றிலிருந்த தண்ணீரையும் சேர்த்து உப்பென்று எடைபோட்டிருக்கிறேன். கரைசலில் 10 இருப்பதாக நினைத்தது உண்மையில் 10 இல்லை. நுண்ணோக்கியில் திரள்கள் ஒளிரும் புள்ளிகளாகத் தெரியும். அவை பாதியாகக் குறைய, ஆர்.என்.ஏ. சிதைந்துவிட்டதோ என்று ஒரு வாரம் ஜெல் (இழைகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டிப் பார்த்தேன். இழை முழுசாகவே இருந்தது. புது பாட்டிலை உடைத்துக் கரைத்ததும் புள்ளிகள் திரும்பி வந்தன.

இப்போது பாட்டில் வந்த அன்றே முழுவதையும் 1 மோலார் கரைசலாக்கி, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்துவிடுகிறேன். அப்புறம் தராசுப் பக்கமே போவதில்லை. சோடியத்துக்கு இந்தப் பாடு கிடையாது. அது டப்பாவில் வருஷக்கணக்கில் உதிரியாகக் கிடக்கும். இருந்தும் நான் மாறவில்லை. திரண்டதில் இ.டி.டி.ஏ. என்ற, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருளைச் சேர்த்தால் அது மெக்னீசியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். திரளைக் கட்டி நிறுத்துவது அந்த உப்புதானா என்று நேராகச் சோதிக்க முடியும். சோடியத்தில் அந்த வசதி இல்லை.

ஒன்று சொல்லவேண்டும். செல்லுக்குள் கட்டற்ற மெக்னீசியம் 1 மில்லிமோலார் அளவுதான். அங்கே பொட்டாசியம்தான் அதிகம். எங்கள் குழாய் செல் ஆகாது. நான் கைவைத்ததும் சி.ஏ.ஜி. மட்டும்தான். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயில் திரும்பத் திரும்ப வரும் ஜி.ஜி.ஜி.ஜி.சி.சி. தொடரை எடுப்பவர்கள் இந்த அளவுகளை அப்படியே போடவேண்டாம். அது நான்கு இழை மடிப்பாகச் சுருளக்கூடியது, அந்த மடிப்பைக் கெட்டியாக்குவது பொட்டாசியம்.