எந்தச் சாவு பெரிய சாவு?

காமிக்ஸில் செத்தவர் திரும்பி வருவார் என்பது நானும் என் நண்பனும் பள்ளிக்கூடக் காலத்திலேயே தெரிந்துகொண்ட விஷயம். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவிக்கோ அந்தப் பேச்சே கிடையாது. கரண்டில் கை வைத்தால் நமக்கு உயிர் போகும், அவருக்கு உடம்பு மறையும், அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, நாயகர்களை நிஜமாகவே சாகடிக்கும் அமெரிக்கக் கதைகள்மேல் எங்கள் இருவருக்கும் ஒரு கிறுக்கு. போன ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகங்களைக் கிளறிவிட்டு, டீ கிளாஸும் கையுமாக நின்று வரிசை போட்டோம். போட்டியில் நாலு பேர்: ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி (1973), எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே (1980), விண்வெளி நாயகன் கேப்டன் மார்வெல் (1982), சூப்பர்மேன் (1992).

பேட்மேனின் கூட்டாளி ராபினையும் சேர்க்கலாமா என்றேன். 1988-ல் இரண்டாவது ராபின் ஜேசன் டாட் பிழைப்பதா சாவதா என்று வாசகர்களிடமே போனில் ஓட்டுக் கேட்டார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343, வேண்டாம் என்றவர்கள் 5,271. வித்தியாசம் 72. “இது கதையாடா? வார்டு எலெக்‌ஷன்” என்று சொல்லி அவன் தள்ளிவிட்டான்.

கடைசி இடத்துக்குத்தான் முதல் சண்டை. நான் யோசிக்காமல் சூப்பர்மேனைப் போட்டேன். அந்த இதழைக் கறுப்பு உறையில் வைத்து, மேலே ரத்தம் வழியும் ‘எஸ்’ போட்டு, உள்ளே துக்கத்துக்குக் கட்டிக்கொள்ளக் கைப்பட்டை வேறு வைத்து விற்றார்கள். நம்மூரில் பூப்பல்லக்கு கட்டி, பட்டாசு வெடித்து, தெருவெல்லாம் பூ இறைத்து, பின்னால் வரும் பஸ்ஸை நிறுத்தி எடுத்துப்போவார்களே, அந்த மாதிரிச் சாவு. ஊர்வலம் முடிந்து எல்லோரும் தலைமுழுகி வருவதற்குள் ஆள் வாசலில் நிற்கிறார். 1993-லேயே திரும்பிவிட்டார்!

“கட்டங்களை எண்ணிப் பார்த்திருக்கியா?” என்றான்.

இல்லை. அவன் விரலை மடக்கிக் காட்டினான். சாவுக்கு மூன்று இதழ் முன்னால் பக்கத்துக்கு நாலு கட்டம். அடுத்த இதழில் மூன்று. அதற்கடுத்ததில் இரண்டு. உயிர் போகும் 75-ஆம் இதழில் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. கதை ஒரே அடிதடிதான், ஆனால் கட்டம் பெரிதாகப் பெரிதாக நம்மை அறியாமலே வயிற்றைப் பிசைகிறது. இத்தனை வருஷமாக அந்தக் கதையைத் திட்டிக்கொண்டிருக்கும் எனக்கு இது கண்ணில் படவே இல்லை. சரி, மூன்றாவது இடம் தருகிறேன் என்றேன். அவன் இரண்டு கேட்டான்.

அப்படியானால் கடைசி இடம் ஜீன் கிரேக்கு. மனசு கேட்கவில்லைதான். எக்ஸ்-மென் 137-ஆம் இதழை வெளிவந்த நாளில் படித்தவர்களுக்கு அதுதான் முதலிடமாக இருந்திருக்கும். ஃபீனிக்ஸ் என்ற அண்டவெளிச் சக்தி தலைக்கேறி, ஒரு நட்சத்திரத்தையே விழுங்கி, அதைச் சுற்றிய கோளில் இருந்த 500 கோடி உயிர்களை அழித்துவிடுகிறாள் ஜீன். எழுதிய கிளேர்மாண்டும் வரைந்த பைர்னும் அவளுடைய சக்தியை மட்டும் பறித்துவிட்டு உயிரோடு விடத்தான் நினைத்திருந்தார்கள். இத்தனை பேரைக் கொன்றவள் அப்படியே வீட்டுக்குப் போவதா என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்தார். அதனால் முடிவு மாறியது. நிலவில், காதலன் ஸ்காட் கண்முன்னே, தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள்.

இங்கேயே விட்டிருக்கலாம். 1986-ல் என்ன சொன்னார்கள் தெரியுமா? செத்தது ஜீனே இல்லையாம், ஃபீனிக்ஸ் எடுத்த வேறு உருவமாம். நிஜ ஜீன் நியூயார்க்கில் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். அடக்கம் பண்ணியது வேற ஆளை! இதைத் தெரிந்துகொண்டு பழைய இதழைப் புரட்டினால் ஸ்காட்டின் அழுகையைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

என் முதலிடம் க்வென் ஸ்டேசிக்கு. அதை அசைக்க முடியாது. வில்லன் கிரீன் காப்ளின் அவளைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளுகிறான். (எழுத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், கில் கேன் வரைந்திருப்பதோ புரூக்ளின் பாலம். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும், அடுத்த கட்டத்தில் நின்றுவிடும்.) ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறார், அது அவள் காலைப் பிடித்துவிடுகிறது. காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையில் பேசிக்கொண்டே மேலே இழுக்கிறார். பேச்சுக்குப் பதில் வரவில்லை.

திரும்பிப்போய் வலை பிடித்த கட்டத்தைப் பார்க்க வேண்டும். அவள் கழுத்துப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஸ்நாப்’ என்றிருக்கும். முதல் தடவை படித்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த அதிர்ச்சியிலேயே செத்துவிட்டாள் என்று காப்ளின் சொல்கிறான், நாமும் நம்பிவிடுவோம். நாலு இதழ் கழித்து 125-ஆம் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில்தான் உடைத்தார்கள்: வலை சட்டென்று பிடித்து நிறுத்திய வேகத்தில் கழுத்து முறிந்தது. பிடிக்காமல் விட்டிருந்தாலும் அவள் செத்திருப்பாள். ஆனால் அவளைக் கொன்றது பிடித்த கை. வில்லன் கொன்றிருந்தால் அவனை அடித்துத் தீர்த்துக்கொள்ளலாம். இதற்கு யாரை அடிப்பது?

அவன் தலையாட்டினான், மறுக்கவில்லை. ஆனால் கேப்டன் மார்வெலுக்குக் கீழேதான் க்வென் என்றான்.

கேப்டன் மார்வெல் சாகும் கதைதான் மார்வெல் நிறுவனத்தின் முதல் கிராஃபிக் நாவல். எழுதி வரைந்தவர் ஜிம் ஸ்டார்லின். அவருடைய அப்பா புற்றுநோயில் இறந்தவர். பழைய சண்டை ஒன்றில் கசிந்த விஷவாயுவைக் கையால் அடைத்ததில் நாயகனுக்குப் புற்றுநோய் வந்துவிடுகிறது. இதுவரை நோயை மட்டுப்படுத்தி வைத்திருந்தது அவருக்குச் சக்தி தரும் மணிக்கட்டுப் பட்டைகள்தான், இப்போது வைத்தியம் ஏறவிடாமல் தடுப்பதும் அதே பட்டைகள்தான். எனக்கு அந்தப் புத்தகம் நகரவே நகராது. பாதிக்கு மேல் கட்டிலைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள்.

“அதுதான்டா கதையே” என்றான். காலமெல்லாம் அவர் எதிர்த்துச் சண்டை போட்ட ஸ்க்ரல் என்ற வேற்றுக்கிரக இனத்திலிருந்து ஒருவன் பதக்கத்தோடு வந்து நிற்கிறான். உலகத்தையே தூக்கி நிறுத்துகிறவர்களுக்கு அந்த அறையில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஸ்பைடர்மேன் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுகிறார். “க்வென் ஒரு கட்டத்துல போயிட்டா. இவர் போறதுக்கு ஒரு புத்தகம் ஆவுது. அப்பா போறதுக்கு ஏழு மாசம் ஆச்சு.”

அந்த ஏழு மாதத்தில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரே ஒரு தடவை. ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு போய், கட்டிலின் கால்மாட்டில் அஞ்சு நிமிஷம் நின்றேன். வண்டியை நோ பார்க்கிங்கில் விட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அவன் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை.

இரண்டாவது டீ சொல்லிவிட்டு, “கிளம்பணுமா உனக்கு?” என்றான்.

“இல்லடா, பஸ்லதான் வந்தேன்” என்றேன்.