ஆல்-அனான் கூட்டம்: குடியை நிறுத்தியவரோடு குடித்தனம் நடத்துபவர்களுக்கு

குடியை விட்டுவிட்டால் வீட்டில் சத்தம் ஓய்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் விட்ட பிறகுதான் சத்தம் கூடியது. முன்பெல்லாம் என் வீட்டுக்காரர் ராத்திரி மட்டும் கத்துவார், இப்போது விடிந்ததுமே ஆரம்பம். அவர் தங்கியிருந்த மறுவாழ்வு மையத்தில் (பெயர் வேண்டாம்) முன்பணம் வாங்கும்போது அவ்வளவு பேசினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைக் கொடுத்து "பார்த்துக்கோங்கம்மா" என்றதோடு சரி. எதைப் பார்த்துக்கொள்வது? அதைக் கற்றுக்கொண்டது ஆல்-அனானில்தான்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விவரம். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக் குடியை விடுவதற்கான ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆல்-அனான் அவர்களுடைய குடும்பத்தாருக்கானது. ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951-இல் ஆரம்பித்தார். கட்டணம் கிடையாது. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் விடலாம். மதுரையில் நான் போகும் குழு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுகிறது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்ச், முழங்கால் இடிக்கும். வருபவர்களில் பெரும்பாலும் மனைவிமார், சில அம்மாக்கள், எப்போதாவது ஓர் அப்பா.

ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது. அறிவுரையும் சொல்லக் கூடாது. நம்மூர்ப் பெண்களுக்கு இது சாமானியமான காரியமா? "அந்தக் கோயிலுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்பது நாக்கு நுனி வரை வந்து நிற்கும். அங்கே கேட்டதை வெளியில் சொல்வதும் கூடாது. அதனால் என் கதையை மட்டும் சொல்கிறேன்.

மகளுடைய தோடு அடகில் இருக்கிறது. குடிப்பதற்காக அவர் அடகு வைத்ததுதான். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க அவள் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு திரிகிறாள். ஒருநாள் அடகுக் கடையிலிருந்து வட்டி கட்டச் சொல்லி அவர் போனுக்கு மெசேஜ் வந்தது. படித்துவிட்டுப் போனை அலமாரியில் கவிழ்த்து வைத்தார். சாப்பிட உட்கார்ந்தார். மகள் சட்னி வைக்கக் குனிந்தாள். "என்னடி தோசை இது, கருக்கி வச்சிருக்கீங்க!" என்று தட்டைத் தூக்கி அடித்தார். தோசை கருகவே இல்லை. கண்ணெதிரே இருந்தது அந்தக் காது.

போதையில் இருந்தவரைக்கும் அந்த ஈர்க்குச்சி அவர் கண்ணில் பட்டதே இல்லை. தெளிந்த பிறகு வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தான் செய்தது நிற்கிறது, அதை மறக்கக் குவார்ட்டரும் இல்லை. "மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிக்கிறதுன்னு தெரியல" என்று மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வராது, தோசையைத் திட்ட வரும். கூட்டத்தில் மற்ற பெண்கள் பேசுவதைக் கேட்கக் கேட்கத்தான் இது எனக்குப் பிடிபட்டது. இப்போது அவர் கத்தினால் எதற்குக் கத்துகிறார் என்று பார்ப்பதில்லை, அதற்குச் சற்று முன்னால் யார் வந்தார்கள், என்ன பேச்சு வந்தது என்று பார்க்கிறேன்.

குடிநோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்க முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதனால் அந்த வட்டியை நானே போய்க் கட்டவில்லை. மறுநாள் சாப்பிட்டு முடித்து அமைதியாக இருந்த நேரத்தில் அடகு ரசீதை அவர் கையில் கொடுத்தேன். "மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு நீங்களே சொல்லுங்க." ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "ஆயிரத்தைந்நூறு" என்றார். கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. அதற்கப்புறம் தட்டு பறக்கவில்லை, அவ்வளவுதான்.

கோபம் அவர்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. பில் குடியை விட்டு ஓயாமல் கூட்டங்களுக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் லோயிஸ் ஆத்திரம் தாங்காமல் அவர்மேல் செருப்பை வீசியிருக்கிறார். இந்தச் செருப்புக் கதை கேட்டபோது அந்த அம்மாள்மேல் எனக்குத் தனிப் பிரியமே வந்துவிட்டது.

சரி, இங்கே கிடைக்காததையும் சொல்ல வேண்டும். டாக்டரோ கவுன்சிலரோ இருக்க மாட்டார்கள். குடியை விட்ட புதிதில் வரும் எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் உடம்பும் ஒரு காரணம், அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம், இலவசம். அடி உதை இருந்தால், 'பாவம், உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போயிருக்கிறார்' என்று புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்கு நகர்ந்துவிட்டு பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். கூட்டத்தில் பிரார்த்தனை உண்டு. சாமி நம்பிக்கை இல்லாதவர்களுக்கு முதலில் ஒரு மாதிரி இருக்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஆல்-அனானிலேயே அலட்டீன் என்று தனிக் குழுக்கள் உண்டு, எங்கள் குழுவோடு அது இல்லை. என் மகளை நினைத்தால் அது ஒன்றுதான் எனக்குக் குறை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஒரே கூட்டத்தோடு முடிவு கட்டாமல் ஆறு தடவையாவது வந்து பாருங்கள் என்பது அவர்களே சொல்வது. வீட்டுக்காரர் ஏ.ஏ.வுக்குப் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் போகலாம்.