ஏழு ஆண்டு ஹெட்போன், இரண்டு மாத மட்டுறுத்துநர் பணி

சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனை 2018இல் வாங்கினேன். 1997இல் வெளிவந்த இந்த மாடல் 260 கிராம்தான் எடை. இரவில் இரண்டு மணி நேரம் அணிந்திருந்தாலும் கழுத்து வலிப்பதில்லை. காது மெத்தை, தலைப்பட்டை மெத்தை, கேபிள் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். காது மெத்தையை இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். மெத்தை அமுங்க அமுங்க ஒலி எழுப்பும் பகுதி காதை நெருங்கி வருகிறது, ஒலியின் இயல்பும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. தினமும் கேட்பவருக்கு அந்த மாற்றம் பிடிபடாது. புது மெத்தையைப் பொருத்திய இரவில் பழகிய தம்பூரா ஒலி வேறாகக் கேட்டது. அப்போதுதான் எவ்வளவு தூரம் விலகிப் போயிருந்தோம் என்று தெரிந்தது.

இதையெல்லாம் கற்றது ஓர் இணைய ஒலி ஆர்வலர் குழுவில். கடந்த ஆண்டு அதன் பதிவுகளை நெறிப்படுத்தும் மட்டுறுத்துநர் விடுப்பில் போனபோது இரண்டு மாதம் நான் பார்த்துக்கொண்டேன். அவர் திரும்பியதும், நிரந்தரமாக நீங்களே இருங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். நேரமில்லை என்று நான் சொன்னது பாதி உண்மைதான். மீதியை இங்கே சொல்கிறேன்.

குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரேடியோ பழுது பார்த்தே குடும்பத்தைக் கரைசேர்த்தவர். எனக்குச் சால்டரிங் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். என் பொறுப்பின் மூன்றாவது வாரத்தில் அவர் இப்படி எழுதினார்: “புதுக் கேபிள் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பி நிறைந்து ஒலிக்கிறது.” தொப்பி என்பது மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்க முகம். பொறியியல் படித்த இளைஞர் ஒருவர், கேபிளால் அப்படி நடக்காது என்று கடுமையாகப் பதில் எழுதினார். அரை மணி நேரத்தில் எட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆதாரமில்லாத கூற்றுக்கு இடமில்லை என்பது குழுவின் விதி. விதிப்படி பெரியவரின் பதிவை நீக்கினேன், சண்டையை மூடினேன். பத்து நிமிட வேலை. அன்றிரவு நிம்மதியாகப் பாட்டுக் கேட்டேன்.

அதன்பிறகு அவர் எழுதவே இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். பேச்சுவாக்கில் சொன்னார்: “கேபிள் மாற்றிய அன்றுதான் தம்பி, நானே கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயரிலும் மாட்டினேன்.”

எனக்கு உடனே விளங்கியது. எச்டி 600 ஹெட்போனின் மின்மறுப்பு, அதாவது ஒலிக்கான மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 300 ஓம் என்று குறிக்கப்பட்டிருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் இருக்கும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி அது 500 ஓமைத் தாண்டி ஏறும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு ஒன்றிரண்டு ஓமாக இருந்தால் அந்த ஏற்றத்தால் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில் இருப்பதுபோல் 100 ஓம் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் ஒலி ஏறத்தாழ ஒரு டெசிபல் உயரும். தொப்பியின் அடிநாதம் இருக்கும் பகுதியும் அதுதான். அவர் காது சரியாகவே கேட்டிருக்கிறது. காரணத்தைத்தான் கேபிளின் மேல் போட்டுவிட்டார். இளைஞர் சொன்னதும் சரி. “வேறு என்ன மாற்றினீர்கள் ஐயா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் குழு முழுவதும் ஒரு நல்ல பாடம் கற்றிருக்கும். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்த நான் பதிவை நீக்கிவிட்டேன்.

விதிகளைக் குறை சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய்க் கேபிளை இருபதாயிரத்துக்கு விற்பவர்கள் வந்து குவிவார்கள்; அவர்களைத் தடுக்க விரைந்து முடிவெடுக்கும் ஒருவர் கட்டாயம் வேண்டும். என் காதும் மனமும் அப்படிப்பட்டவை அல்ல. மெத்தை தேய்ந்ததை உணரவே எனக்கு ஆண்டுகள் ஆயின. ஒருவர் சொல்வதில் உள்ள உண்மையைப் பிரித்தெடுக்க எனக்கு ஓர் இரவாவது வேண்டும். பதவியில் அந்த இரவு கிடைக்காது.

மறுத்த கையோடு வேறொரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு கருவிகளை ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு, ஒலி அளவைச் சமப்படுத்தச் சொல்லித் தருகிறேன். சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும் என்பதால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் போதும். தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் அதன் அளவீட்டை நம்பலாம் என்பதால் 300 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டிலும் ஒரே வோல்ட் வரும்படி வைக்கிறோம்.

முதலில் வந்தவர் அந்தப் பெரியவர். பழைய ஆம்ப்ளிஃபயரிலேயே இரண்டு கேபிள்களையும் மாற்றி மாற்றிக் கேட்டார். வேறுபாடு இல்லை என்று அவரே குழுவில் எழுதினார். கீழே வால்வு ஆம்ப்ளிஃபயரின் சுற்றுப்படத்தையும் கையால் வரைந்து போட்டார். அந்த இளைஞர் இப்போது அவரிடம் அதைக் கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்.