கோவா மூட்டையை யார் இறக்குவது: லேண்ட்மாஸ்டரா, மாடா, குதிரையா?

இலங்கையில் 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். அடுத்த வருடம் டீசலும் இல்லை. நுவரெலியாப் பக்கம் மரக்கறி செய்தவர்கள் பலர் அப்போதுதான் மறுபடியும் மாட்டுப்பட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். உரமும் வேண்டும், பாரம் இழுக்கவும் ஆள் வேண்டும் என்றால், இரண்டுக்கும் ஒரே பிராணி போதுமே என்ற யோசனை எங்கள் வீட்டிலும் கிளம்பியது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் கோட்டா எல்லாம் முடிந்து டீசல் தாராளமாகக் கிடைத்த பிறகும் அது அடங்கவில்லை. கடைசியில் லேண்ட்மாஸ்டர் (கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரு சக்கர உழவு இயந்திரம்), மாடு, குதிரை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குதிரையை எடுத்தேன். குதிரை வைத்திருப்பவன் எழுதுவது இது. நடுநிலையை எதிர்பார்க்காமல் வாசியுங்கள்.

இடம் எப்படி என்று சொல்லாமல் ஒப்பிட்டுப் பிரயோசனமில்லை. கந்தப்பளைக்கு மேலே, சரிவில், படிப்படியாக வெட்டிய பாத்திகள். லொறி நிற்கும் வீதி கீழே. மேலே ஏற வேண்டியது உரமும் விதைக்கிழங்கும். கீழே இறங்க வேண்டியது கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ், கரட். ஏறும் பாரத்தைவிட இறங்கும் பாரம் பல மடங்கு. அதைத் தலையிலும் தோளிலும்தான் இறக்கிக்கொண்டிருந்தோம். நடுவில் உள்ளது தேயிலை மலையின் பழைய வண்டிப் பாதை. ஒரு பக்கம் கல்லணை, மறுபக்கம் தண்ணீர் ஓடும் கான், மழை தொடங்கினால் கல்லெல்லாம் பாசி.

உழவைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மட்டமான நிலத்தில், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் பூட்டிய லேண்ட்மாஸ்டருக்குப் பக்கத்தில் மாடும் நிற்காது, குதிரையும் நிற்காது. வேலை இல்லாத நாளில் அது தீனி கேட்காது, இரவில் வயிற்றுவலி வராது. உங்கள் நிலம் மட்டம், பாதை கொங்கிரீட் என்றால் இதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு அதையே வாங்கலாம்.

மாட்டின் பக்கமும் நியாயம் நிறைய. 1867இல் கண்டிக்கு ரயில் வரும்வரை மலைநாட்டுக் கோப்பி கொழும்புக்குப் போனது மாட்டு வண்டியில். நானுஓயாவுக்கு ரயில் வந்ததே 1885இல்தான். நுகம் செய்யத் தச்சர் ஒருவர் போதும். கோவாவின் வெளி இலை, கரட் தழை என்று தோட்டத்தில் கழிவதையெல்லாம் மாடு தின்னும். ஆனால் இப்போது நம் பக்கம் இருப்பது பிரீசியன், ஜெர்சி, அயர்ஷயர் கலப்புப் பால் மாடுகள். அவற்றுக்குத் திமில் இல்லை. நாட்டு மாட்டின் கழுத்தில் நுகம் தங்குவது திமிலை அண்டித்தான். திமில் இல்லாத கழுத்தில் அது வழுக்கும், தோலை உரசும். கீழ்நாட்டிலிருந்து திமில் மாடு கொண்டுவரலாம், குளிருக்குப் பழக்க வேண்டும். வெலிமடையில் மாமனார் வயலில் மாடு பூட்டிய பழக்கம் எனக்கு உண்டு. அது சமதரை. சரிவில் மாட்டை வைத்து ஒரு போகம் முழுக்க வேலை செய்தவனில்லை நான். ஆகவே மாட்டைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி குதிரை. இந்த எண்ணம் எனக்கு நுவரெலியா ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகளைப் பார்த்து வரவில்லை, ஐரோப்பாவில் இழுவைக் குதிரைகளை மறுபடி வேலைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று அறிந்தபோதுதான் வந்தது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் ஆர்டென் என்ற கனத்த இனக் குதிரைகள் காட்டுக்குள் மரம் இழுக்கின்றன. பிரான்சின் சில திராட்சைத் தோட்டங்களில் வரிசைகளுக்கு நடுவே குதிரைதான் உழுகிறது. டிராக்டர் சக்கரம் மண்ணை இறுக்கிவிடுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். இங்கிலாந்தின் சஃபோக் பஞ்ச் என்ற இழுவைக் குதிரை இனத்தின் கதை இன்னும் மோசமானது. இன்றுள்ள எல்லா சஃபோக் குதிரைகளுக்கும் தந்தை வழி மூதாதை 1768இல் பிறந்த ஒரே குதிரை. டிராக்டர் வந்தபின் அந்த இனம் தேய்ந்து, 1966இல் பதிவானவை ஒன்பது குட்டிகள் மட்டும். பிரான்சின் கனத்த இனங்கள் பிழைத்ததற்கோ இறைச்சிச் சந்தை பெரிய காரணம். வேலை போனால் இனத்துக்கு மிஞ்சுவது காட்சிக்கூடம் அல்லது கசாப்புக்கடை. அதனால்தான் அங்கே வேலையைத் தேடித்தேடிக் கொடுக்கிறார்கள்.

அதற்காக ஒரு ஆர்டெனையோ பெர்ஷரானையோ கப்பலேற்றிக் கொண்டுவரச் சொல்லவில்லை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் டர்ஹம் மாடு, செம்மறிக் கடா, ஜாதிக் குதிரை என்று எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து இறக்கிப் பார்த்தார்; அந்த வசதி நமக்கில்லை. குளிர் அந்தக் கனத்த குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளும், நம் பாதை ஒத்துக்கொள்ளாது. 800, 900 கிலோ உடம்பு அந்தக் கல்லணை வளைவில் திரும்பவே இடம் போதாது, தீனியும் இரட்டிப்பு. நோர்வேயின் ஃப்யோர்ட், டிரோல் மலையின் ஹாஃப்லிங்கர் போன்ற சிறிய மலைக் குதிரைகள்தான் நமக்குக் கிட்டே வருபவை. அவற்றை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த இனங்களின் உடல்வாகு ஒரு அளவுகோல்: குட்டைக் கால், அகன்ற நெஞ்சு, தடித்த கழுத்து, சத்தத்துக்கு மிரளாத குணம்.

அந்த அளவுகோலோடு நுவரெலியாவின் கிரகரி ஏரிப் பக்கம் போனால் பாதிக்கு மேல் கழிந்துவிடும். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த உயரமான குதிரைகள் இழுவைக்கு உதவா. பொலித்தீன் பை பறந்தாலே துள்ளும். நெடுந்தீவுக் குதிரைகளைச் சிலர் சொன்னார்கள். அவை அந்தத் தீவின் சொத்து, அங்கேயே இருக்கட்டும். நான் பார்த்தது ஏப்ரல் சீசனில் பிள்ளைகளை ஏற்றி நடந்த, குள்ளமான, ஊதல், ஹோர்ன், பலூன் எல்லாவற்றையும் கேட்டுக் காது செத்த ஒரு பெட்டைக் குதிரை. ஏப்ரல் முடிந்தால் இப்படிப்பட்டவற்றுக்கு வருமானம் குறையும், வயிறு குறையாது. விலை பேச அதுதான் நேரம். "அண்ணே, சவாரிக் குதிரைய கொண்டுபோய் கோவா இழுக்கவா?" என்று குதிரைக்காரத் தம்பி கேட்டார். பிறகு அவரே வந்து பழக்கிக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒன்றுதான்: இறக்கம். ஏற்றத்தில் இழுப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். கணக்கு இலேசு. வேலை செய்யும் பிராணி நாள் முழுக்கத் தளராமல் இழுக்கக்கூடியது தன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 400 கிலோக் குதிரை என்றால் 40 கிலோ இழுவை. பத்தடிக்கு ஓரடி உயரும் பாதையில் வண்டியும் பாரமும் சேர்ந்து 300 கிலோ இருந்தால், சரிவுக்கு மட்டும் 30 கிலோ போய்விடும், மிச்சம் சக்கரம் உருளுவதற்கு. திரும்பி இறங்கும்போது அதே 30 கிலோவில் உருளலுக்குப் போவது போக மிச்சம் பின்னாலிருந்து தள்ளும். அதைப் பிடித்து நிறுத்துவது யார்?

லேண்ட்மாஸ்டரில் இரண்டு கைப்பிடிக்குக் கீழும் ஒவ்வொரு கிளட்ச் லீவர் உண்டு. மட்டத்தில் இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு இழுவை அறுந்து, வலது சக்கரம் தள்ள, வண்டி இடது பக்கம் திரும்பும். செங்குத்து இறக்கத்தில் இது தலைகீழ். அப்போது எஞ்சின்தான் சக்கரங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரம் விடுபட்டு ஓடும், வண்டி வலது பக்கம் திரும்பும். பின்னால் டிரெய்லரில் கோவா பாரம், கீழே பாசி, வலது பக்கம் கான். பழகியவர்கள் இறக்கத்தில் லீவரைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்புவார்கள். கூலிக்கு வரும் பையனின் கையோ பயத்தில் முதலில் லீவருக்குத்தான் போகும். எங்கள் பாதையில் இதை நம்பி ஒருவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மாட்டுக்கு வேறு கஷ்டம். வண்டி பின்னாலிருந்து தள்ளும்போது நுகம் கொம்பைப் பார்த்து முன்னே நழுவும்; பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். தலையைப் பின்னுக்கு இழுத்துத்தான் அது வண்டியைத் தாங்க வேண்டும். தடைக்கட்டை போட்ட வண்டி என்றால் சமாளிக்கலாம், ஆனால் கட்டையை இறுக்கவும் தளர்த்தவும் இன்னொருவர் கூட நடக்க வேண்டும்.

குதிரையின் இழுவைச் சேணத்தில் தொடைகளைப் பின்னால் சுற்றி, வண்டியின் இரு பக்க ஏர்க்கால்களோடு கட்டிய பட்டை ஒன்று இருக்கிறது. பின்பட்டை என்று வைத்துக்கொள்வோம். வண்டி தள்ளும்போது அந்தத் தள்ளு கழுத்துக்குப் போகாது, உடம்பிலேயே பலமான இடமான பின்தொடையில் விழும். குதிரை பின்கால்களை மடக்கி, புட்டத்தைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட உட்காருவது போல் வண்டியில் சாய்ந்து இறங்கும். வளைவில் "ஹோ" என்றால் நிற்கும். முன்காலை வைக்கும் முன் கல்லைத் தட்டிப் பார்க்கும். வழுக்கினால் அடியை மாற்றிக்கொள்ளும். மிகச் செங்குத்தான மேல் பகுதியில் சக்கரமே வேண்டாம் என்று மரச்சட்டத்தால் ஒரு சறுக்குப் பலகை செய்தோம். அது தரையில் உரசும் உரசலே தடை. இறங்கும்போதும் குதிரை இழுக்கத்தான் வேண்டியிருக்கும், பாரம் காலில் இடிக்காது.

சேணம் கடையில் கிடைக்கவில்லை. லொறிக்குத் தார்ப்பாய் தைக்கும் ஒருவரிடம் பழைய சீட் பெல்ட் நாடாவையும் கம்பளித் துண்டையும் கொடுத்து நெஞ்சுப்பட்டை தைத்தோம். பட்டை மூச்சுக்குழலுக்குக் கீழே, தோள் மூட்டுக்கு மேலே, கிட்டத்தட்டப் படுக்கையாக நிற்க வேண்டும். ஏறினால் மூச்சு முட்டும், இறங்கினால் கால் வீச்சைத் தடுக்கும். இலேசான பாரத்துக்கு இது போதும். உழவுக்கு அந்தந்தக் கழுத்துக்கு அளவெடுத்த முழுக் கழுத்துவளையம் வேண்டும். அந்த வேலையை நான் குதிரைக்குக் கொடுக்கவில்லை. முதலில் வெறும் வாரோடு பின்னால் நடந்தோம், பிறகு பழைய டயரை இழுக்கவிட்டோம். டயர் கல்லில் தடதடக்கும் சத்தத்துக்குக் காது திருப்பாத நாளில்தான் வண்டி.

குதிரையின் பலவீனம் வயிறும் குளம்பும். நம் மலைகளில் மண்டிக் கிடக்கும் கிக்குயு புல்லில் ஒக்சலேட் அதிகம். அது கல்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதியில்லை. கூடவே தவிட்டையும் அள்ளிப் போட்டால் அதிலுள்ள பொஸ்பரசு சேர்ந்து எலும்பு மென்மையாகி முகம் வீங்கும். வேறு புல்லும் கலந்து, மிருக வைத்தியர் சொல்லும் அளவில் கல்சியமும் கொடுக்க வேண்டும். கோவா இலை போடவே கூடாது, வாயு கட்டும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடத்தை மாற்ற வேண்டும். மழை மாதங்களில் ஈரக் கொட்டிலில் விட்டால் குளம்பின் அடிப்பிளவில் கறுப்பாக நாறும் அழுகல் வரும். தினமும் தோண்டிச் சுத்தம் செய்யும் அந்தக் கால் மணி நேரம்தான் குதிரைக்கு நான் கட்டும் டீசல் காசு.

சாணம் நல்லது, சீக்கிரம் சூடேறி மக்கும். களை விதையும் சேர்ந்து வரும். திரும்ப விற்பதில் குதிரை பின்னால்தான். மாட்டுக்கும் லேண்ட்மாஸ்டருக்கும் எந்த ஊரிலும் ஆள் வரும், குதிரைக்கு நுவரெலியா தவிர வேறெங்கே?

லாடம் அடிப்பவர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இல்லாவிட்டால் குதிரை வேண்டாம் என்பேன். உடப்புசல்லாவையில் இருக்கும் மச்சான் கேட்டபோது அதனால்தான் மாட்டைச் சொன்னேன். அவர் இரண்டையும் விட்டு லேண்ட்மாஸ்டர் வாங்கினார். அவருடைய பாதை மட்டம், மகனும் மெக்கானிக்.